எண்பத்தாறு கிலோ

மழை நாளில் பலகையைத் தட்டி அளப்பது வீண் வேலை. ஈரம் ஏறிய மரம் வாயைத் திறக்காது. அதனால்தான் என் பலாப் பலகைகளை அண்ணனின் ஏலக்காய் ஸ்டோரில் வைத்திருந்தேன். காய் உலர்த்தும் அடுப்பு எரிகிற கட்டடம். போடிமெட்டில் அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது.

முப்பத்துநான்கு பலகைகள். வீணையின் மேற்பலகை எப்படி அதிர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வொன்றையும் சிறு சுத்தியலால் தட்டி, அதிர்வைக் கருவியில் பதிந்து, கணினியில் அதன் மாதிரியைக் கட்டுவேன். ஆறு வருடம். பலகைமேல் ரவையைத் தூவி அதிரவிட்டால், ரவை ஓடிப்போய்க் கோடுகளாக நிற்கும். ஸ்டோரில் காய் அள்ளும் ஈஸ்வரி அதைப் பார்க்க வேலையை விட்டு வருவாள். "கை படாமக் கோலம் விழுகுதே அக்கா. எங்க வீட்டு வாசலுக்கும் ஒண்ணு கொண்டா" என்பாள்.

ஐப்பசியில் விறகு நனைந்துவிட்டது. அண்ணன் பாண்டியராஜ் என் பலகைகளை அடுப்பில் வைத்தான். நான் கீழே என் ஊர் சிலமலையிலிருந்து போய் ஜீப்பை விட்டு இறங்கியபோது, கடைசிப் பலகையில் நான் எழுதியிருந்த எண் எரிந்துகொண்டிருந்தது.

"வெறும் பலகைதானே ஆத்தா. பத்து மரம் அறுத்துத் தர்றேன், மொகத்தத் தூக்காத" என்றான்.

என் ஆறு வருடம் எரிந்த சூட்டில் அவன் காய் நல்ல பச்சையாக இறங்கியது. அதில் ஒரு கை அள்ளி என்னிடமே முகரக் கொடுத்தான். முகர்ந்தேன். "நல்லா இருக்குண்ணே" என்றேன். நான் கத்துகிறவள் இல்லை.

மறு வாரம், அடுப்புக்கு மேலே மூட்டை அடுக்கும் பரணில் நடுப்பலகை முனகத் தொடங்கியது. அண்ணன் ஏறப் பயந்தான்.

"நீதான் பலகை டாக்டராச்சே. இம்புட்டு நாளாத் தட்டித் தட்டி என்னத்தக் கண்ட. இதச் சொல்லு பாப்போம், ஆள் ஏறலாமா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். ஈஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

ஏழு இடங்களில் தட்டினேன். ஒலி எழுந்ததும் செத்தது. உள்ளே பூச்சி அரித்திருந்தது. அளவுகளை மாதிரியில் போட்டேன். அண்ணனின் எடை எண்பத்தாறு கிலோ. அந்த எடைக்குப் பலகை நடுவில் ஒடியும் என்று வந்தது. கீழே அடுப்பின் இரும்புக் குழாய்கள் பழுக்கக் காய்ந்திருக்கும். கணக்கை இன்னொரு முறை சரிபார்த்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

"ஏறலாம்ண்ணே" என்றேன்.

மறுநாள் காலை அவன் ஏணியில் கால் வைத்தான். போன் வந்தது. "ஈஸ்வரி, வெரசா ஏறி ஒரு மூட்டையக் கொண்டா" என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே வெளியே போனான்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். "அக்கா தட்டிச் சொல்லிருச்சு, பெறகென்ன" என்று ஏறினாள்.

அவள் நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் இருக்க மாட்டாள். பலகை அவளைத் தாங்கும் என்றுதான் என் கணினி மாதிரி சொன்னது. போகும்போது தாங்கவும் செய்தது. அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். நீங்களாக இருந்தாலும் கணக்கைத்தான் நம்பியிருப்பீர்கள்.

திரும்பும்போது அவள் தோளில் மூட்டை இருந்தது. நடுப்பலகைக்கு இன்னும் மூன்று எட்டு. கூப்பிட நேரம் இருந்தது, அதை மறைக்கவில்லை. நான் பலகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். மரம் பழசு, அதனால் ஒடிந்தது என்று அண்ணன் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதைக் கிழித்துப் போடுங்கள். மரத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும். என் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு எண்ணும் சரி. ஒடிந்த இடம்கூட நான் குறித்த இடம்தான்.

ஈஸ்வரிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மூட்டையின் எடையைச் சேர்க்காமல் விட்டது ஒன்றுதான் என் பிழை.