சப்பாத்தோடை ஆடின பிள்ளை

"சப்பாத்தோடை மேடையில ஏறி ஆடினவை. அதுதான் பாதியில எழும்பி வெளியில வந்திட்டன்."

பார்க்டேல் பக்கம் போகும் ஸ்ட்ரீட்கார் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஏரிக்கரைக் கோடை நடன விழாவில் பாலே நடனம் பார்த்துவிட்டு வந்தவர் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பரதம் பழகுகிறாளாம்.

"பிறகு என்னக்கா?"

"வோஷ்ரூமில ஆடின பிள்ளையொண்டு நிண்டது. சப்பாத்தைக் கழட்ட, கால் நகம் அதுக்குள்ள கிடக்கு. ஒரே ரத்தம்."

"ஐயோ. அழுததோ?"

"இல்லை. பிளாஸ்டர் ஒட்டிப்போட்டு, கடைசி ஆட்டம் இருக்கு, வந்து பாருங்கோ எண்டு சிரிச்சது. அதே சப்பாத்தைத் திரும்பப் போட்டது."

"போய்ப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். அந்தக் காலை மட்டும்தான் பாத்தன்."