தஸ்நேவிசுக்கு விட்ட இடம்

முன்னொரு காலத்துல, தெக்குக் கடக்கரையில அலைவாய்ப்பட்டின்னு ஒரு ஊரு. வெள்ளக்காரன் ஆட்சி. சப்பான்காரன் கப்பலு கடல்ல திரியுதுன்னு சனம் பயந்து கெடந்த காலம் அது.

அந்த ஊர்லதான் தஸ்நேவிசு பொறந்தானாம். அப்பனக் கடலு கொண்டுட்டுப் போயிருச்சு. அக்கா பிரகாசிதான் கருவாடு வித்து அவனப் படிக்க வச்சா. படிச்ச பய சண்ட விமானம் ஓட்டப் போயிட்டான். மீசகூடச் சரியா மொளைக்காத வயசுன்னு சொல்லுவாக.

கடலச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பயில, ஊருக்கு மேல தாழப் பறப்பானாம். இறக்கைய இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. சனம் கைய ஆட்டும். பிரகாசி ஆட்ட மாட்டா. அந்தச் சத்தம் மறையுற வரைக்கும் நெஞ்சுல கைய வச்சிட்டு நிப்பா.

ஒரு நாளு காலையில கரவலை இழுத்துக்கிட்டிருந்தாக. வடக்க ஒரு கயிறு, தெக்க ஒரு கயிறு, கரை பூரா ஊருசனம். பிள்ளைக மணல்ல வெளாடுது. வலையில சாளை மீனு நெறஞ்சு, இழுக்க இழுக்கக் கனக்குது. அப்போ கெழக்க ஒரு புள்ளி தெரிஞ்சுதாம்.

"அந்தா, நம்ம தஸ்நேவிசு வாரான்."

பிரகாசி காதக் குடுத்துக் கேட்டா. சத்தம் இல்ல. ஊரையே அதிர வைக்கிற சத்தம் இல்ல. வாலுல நூலு மாதிரி கரும்பொக.

"கயித்த விடுங்க. அவன் எறங்கப் போறான். கரைய விட்டு ஓடுங்க."

வலைக்குச் சொந்தக்காரரு, கயித்தான்னு பேரு உள்ள சம்மாட்டி, திரும்பிக்கூடப் பாக்கல. "ஒந்தம்பி வெளாட்டுக் காட்டுதான் தாயி. இப்போ விட்டா மீனு பூராம் போயிரும். இழுங்கலே."

பிரகாசி கயித்தப் போட்டுட்டு ஓடுனா. பிள்ளைகள அள்ளி அள்ளி மேட்டுல தள்ளுனா. மத்த சனம் கயித்த விடல.

குண்டு பட்டு எஞ்சின் நின்னு போச்சாம். அவனுக்கு எறங்க இருந்தது அந்தக் கரை ஒண்ணுதான். வாரான். பனை ஒசரத்துக்கு வாரான். மொகம் தெரியுற அளவுக்கு வந்துட்டான். அப்பத்தான் சனம் நிமுந்து பாத்துச்சு. காலு ஓடல.

இறக்கை கடலுப் பக்கம் சாஞ்சுது. பிரகாசி பாத்துக்கிட்டே நின்னா. மறுபக்கம் சாயல. அலைக்கு அங்கிட்டு, தலகீழா, தண்ணிக்குள்ள போயிருச்சு.

கட்டுமரம் போயி அவன் ஒடம்ப எடுத்துட்டு வந்துச்சு. சம்மாட்டி பிரகாசி காலடியில உக்காந்துட்டாரு. "என்னய ஏசியாவது ஒரு சொல்லு சொல்லிரு தாயி."

அவ அழுவலயாம். "எறங்க எடம் தேடுனான். நாம குடுக்கல." அம்புட்டுத்தான் சொன்னா.

அதுலேருந்து அலைவாய்ப்பட்டியில விமானச் சத்தம் கேட்டா, வலை எம்புட்டுக் கனத்தாலும் கயித்த மணல்ல போட்டுட்டு எல்லாரும் மேட்டுல ஏறி நிப்பாக. இப்பப் போற விமானமெல்லாம் எங்கியோ ஒசரத்துல போவுது. இங்கன எறங்காது. அது அவுகளுக்கும் தெரியும்.

மீனு வாங்க வந்த அசலூர்க்காரன் எவனாவது கேப்பான், "ஏன்வே, கைக்கு வந்த மீன விடுதீக?"

"தஸ்நேவிசுக்கு எடம் விடுதோம்"ம்பாக.