வெயில் என்று போட்டேன்

எங்கள் அறையில் ஏசி குளிர் கொஞ்சம் அதிகம். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பேன். நீங்கள் இந்த விசாரணை அறையில் ஃபேன் போட்டிருப்பதே எனக்குப் போதும், சார்.

என் வேலை சுலபம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதுவதைப் படித்து, அதற்குரிய குறியீட்டைக் கணினியில் போட வேண்டும். சூட்டில் மயங்கி வருகிறவர்களுக்கு இரண்டு குறியீடு உண்டு. வெயிலால் வந்த சூடு என்றால் ஒன்று. பாய்லர், உலை, உலர்த்தும் அறை என்று மனிதன் உண்டாக்கிய சூடு என்றால் வேறொன்று. இரண்டாவதைப் போட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் தானாகப் போய்விடும். வெயில்மேல் யாரும் கேஸ் போட முடியாது.

என் அண்ணன் சாயப்பட்டறையில் உலர்த்தும் அறைக்குச் சூப்பர்வைசர். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவன் அவன். அவன் என்றால் எனக்கு உயிர். கதவு திறந்தால் சூடு இறங்கித் துணியில் திட்டு விழும் என்று வெளியே தாழ்ப்பாள் போட்டுத்தான் ஆட்களை வேலை வாங்குவான். அதில் தப்பு என்ன இருக்கிறது, துணி நன்றாகத்தான் வந்தது.

முதல் ஆள் மயங்கியபோது போன் செய்தான்.

"பாப்பா, ஒருத்தர் விழுந்துட்டாரு. நீ கொஞ்சம் பாத்துக்கயேன்."

பார்த்துக்கொண்டேன். வெயில் என்று போட்டேன். அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பக்கத்து சீட் அக்காகூட ஒருநாள் கிண்டல் செய்தாள். "ஊர்ல அடிக்கிற வெயிலெல்லாம் உங்க அண்ணன் பட்டறை வாசல்லதான் அடிக்குது போல." நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அண்ணன் குரல் சரியில்லை.

"ஒரு பொண்ணு மயங்கிட்டா, வெளிய தூக்கிட்டு வந்துட்டோம். இன்னொருத்தி உள்ளதான் இருக்கா. ஆம்புலன்ஸ்காரங்க வாசல்லயே நிக்கிறாங்க. கதவத் திறந்தா எல்லாம் தெரிஞ்சிடும். உள்ள இருந்து தட்டுறா, பாப்பா."

"தட்டுறான்னா நல்லாத்தான் இருக்கா. அவங்க கிளம்பட்டும்ணே, அப்புறம் திற."

நான் பதறவில்லை. பதறினால் அண்ணன் இன்னும் பயந்துபோவான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அந்தப் பெண்ணுக்கு அங்கேயே ஊசி போட்டு, சலைன் ஏற்றி, நிதானமாகக் கிளம்பினார்கள். அதுவரை அண்ணன் அந்தக் கதவோரமே நின்றான், போனை வைக்கவில்லை. தட்டுவது எனக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை. களைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன்.

மாலையில் உள்ளே இருந்தவளுடைய கேஸும் என் மேசைக்கே வந்தது. இறப்பு. வயது என் வயதுதான். அதற்கும் வெயில் என்றே போட்டுவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்து வெளியே வந்தேன். தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். காலை முதலே கொட்டுகிறது என்று காவலாளி சொன்னார். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது, சார்.

நீங்கள் கண்டுபிடித்ததும் அதை வைத்துத்தானே. அடைமழையில் வெயில் பட்டு எப்படிச் செத்தாள் என்றுதானே முதலில் கேட்டீர்கள். கதவைத் திறக்காதே என்று சொன்னது நான்தான், அண்ணன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது.