படையலுக்கு ஒரு குவாட்டர்

— காலி பாட்டில் வாங்கற கவுன்ட்டர் அந்தாண்ட நைனா. இங்க விக்கறது மட்டுந்தான்.

— குடுக்க வரலப்பா. இதே சரக்கு ஒண்ணு வேணும். இன்னா சரக்குன்னுதான் தெரியல.

— லேபிள் எங்க? சுரண்டிட்டீங்களா?

— நா பாக்க சொல்லவே இப்டித்தான் இருந்துச்சு. பரண் மேல, பழைய சாக்குக்கு அடியில.

— குடிச்சவரையே கேட்டுக்கினு வர்றதுதான?

— எப்டி கேக்கறது, செத்துப் பூடுச்சே. நாளைக்கு கருமாதி. இன்னிக்கு சாயங்காலம் படையல். வட, கருவாட்டு கொயம்பு எல்லாம் வூட்ல ஆவுது. இது ஒண்ணுக்குத்தான் சாலவாக்கத்துலேர்ந்து பஸ் புடிச்சி உத்தரமேரூர் வந்தேன்.

— அடடா. யாரு, தம்பியா?

— வூட்டு ஆளு.

— சரி, பிராந்தி எடுத்துக்கினு போங்க. சாவு வூட்டுக்கு முக்காவாசி பேரு அதான் வாங்கறாங்க.

— தோ பாருப்பா, பிராந்தி, விஸ்கி எல்லாம் ஒண்ணு இல்லியா? எனக்கு சாராயம்னா சாராயம்தான். இந்த வயசுல இன்னிக்குத்தான் இந்தப் படி ஏர்றேன்.

— உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நா வேற வேலைக்குத்தான் போவணும். அப்டி வாங்க, சொல்றேன். பார்லிய ஊற வெச்சி புளிக்க வுட்டா பீரு. திராட்ச சாற புளிக்க வுட்டா ஒயினு. அது ரெண்டும் காய்ச்சறது கெடையாது, அதான் வேகம் கம்மி. புளிச்சத காய்ச்சி ஆவி புடிச்சா மத்ததெல்லாம். திராட்சன்னா பிராந்தி, தானியம்னா விஸ்கி. ஆலைல சக்கர எடுத்துட்டு மிஞ்சுதே கருப்புப் பாகு, அதுல வர்றது ரம்மு.

— கரும்புலயா? நாலு காணி கரும்புதாம்ப்பா போட்டுக்கினு கீறேன்.

— அப்ப நீங்கதான் இந்தக் கடைக்கு மொதலாளி. நம்ம ஊரு பிராந்தி, விஸ்கில கூட அந்த கரும்புச் சாராயம் நெறைய கலக்கறாங்க. கலரும் வாசனையும்தான் வேற.

— அப்ப எத வெச்சாலும் ஒண்ணுதான்ற.

— நமக்கு ஒண்ணு. குடிச்சவங்க நாக்கு கண்டுபுடிச்சிடும் நைனா.

— அதான் பயமா கீது. ஆஸ்பத்திரில படுத்துக்கினு 'ஒரு வாய் குடு, ஒரு வாய் குடு'ன்னு கேட்டுச்சு. எளநி வாங்கியாந்தேன், பால் வாங்கியாந்தேன். எல்லாத்தையும் தள்ளி வுட்டுடுச்சு. இந்த பாட்டில பாத்த அப்பாலதான் எனக்கு வெளங்குச்சு. இன்னிக்கும் தப்பா வெச்சிட்டேன்னா என் மனசு ஆறாதுப்பா.

— மூடியத் தெறங்க, மோந்து பாக்கறேன். ம்... எப்டி குடிப்பாரு? சோடாவா, தண்ணியா?

— யாரு பாத்தா? வாய்ல எப்பவும் கிராம்பு அடக்கிக்கினு இருக்கும். பல்லு வலின்னு சொல்லும். நானும் மெனக்கெட்டு கிராம்பு வாங்கியாந்து குடுத்தேன்.

— வாசன தெரியாம இருக்க போட்டது. சேத்துல எறங்கி வேல செஞ்சுட்டு வந்தா இன்னா கேப்பாரு?

— சுடு தண்ணி. சொம்போட உள்ள எடுத்துக்கினு பூடும்.

— அப்டி வாங்க. ரம்முதான், சந்தேகமே வேணாம். வெல்லம் தீஞ்சாப்பல வாசன இன்னும் அடிக்குது பாருங்க. சுடு தண்ணில கலந்து அடிச்சிருக்காரு. இந்தாங்க, ஒரு குவாட்டர்.

— எப்டிப்பா வெக்கணும்?

— கொஞ்சம் ஊத்தி, மேல சுடு தண்ணி வுட்டு எல பக்கத்துல வைங்க. கற்பூரம் காட்டிட்டு செத்தவங்க வந்து சாப்டட்டும்னு கதவ சாத்துவீங்கல்ல? தெறந்ததும் மீதிய பங்காளிங்க ஆளுக்கு ஒரு மடக்கு குடிச்சிடுவாங்க. அதான் வழக்கம்.

— யாருக்கும் கெடையாதுப்பா. எம் பொஞ்சாதி இத்தினி வருசமா எனக்கு பயந்துக்கினு கதவ சாத்திட்டு குடிச்சிகீது. இன்னிக்கு நானே ஊத்தி வெச்சிட்டு, நானே கதவ சாத்தப் போறேன்.