அவளைப் பார்த்துக் கத்தாத பறவை

எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. இரண்டாவது மாடியில் துணி காயப்போடும்போதே உள்ளங்கால் கூசும். நான் பாறை மேல் ஏறினேனா என்று நேற்று உங்களில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டீர்கள். ஏறவில்லை. என்னால் ஏற முடியாது. என் வேலை முழுக்கக் கீழேதான்.

சரணாலயத்துக்குள் யாரும் டிரோன் பறக்கவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பாறைக்கு எதிரே புல்வெளி, புல்வெளி ஓரத்தில் ஒரு மரக் குடில். உள்ளே மேசை, தொலைநோக்கி, ஓர் இரும்பு அலமாரி. பிடித்த டிரோன்களை அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். அபராதம் கட்டினால் திருப்பிக் கொடுப்போம். பாதிப் பேர் வரவே மாட்டார்கள். சாவி என்னிடம் இருக்கும். அலுவலக எழுத்தர் என்னை வானத்துக்கு வாட்ச்மேன் என்று கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். இந்தப் பருவம் தொடங்கியபோது ஒரு கல்யாணப் புகைப்படக்காரர் வந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் கூட இருந்தார்கள்.

"மேடம், ரெண்டே நிமிஷம். மேல போயிட்டு உடனே கீழ வந்துரும்."

"வரட்டும். கீழதானே நான் இருக்கேன்" என்றேன்.

மணப்பெண் சிரித்துவிட்டாள். டிரோன் அலமாரிக்குப் போனது. அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். பறவைக்கு அது கேமரா என்று தெரியாது. இமைக்காமல் ஒரே இடத்தில் நின்று முறைக்கிற ஒரு மிருகம் என்றுதான் நினைக்கும். முட்டையை விட்டு எழுந்துவிடும். முட்டை ஆறிப்போகும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இந்த விதியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. இன்றைக்கும் உண்டு.

பாறையின் நடுவில் அகலமான ஒரு விளிம்பு இருக்கிறது. அங்கே ஒரு ராஜாளி ஜோடி. கூடு என்று பேச்சுக்குச் சொல்கிறோம், சரளைக் கல்லில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். பெண் பறவை பெரியது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அதுவும் வந்தது. இடது காலில் ஒரு நகம் கிடையாது. மழை வந்தால் எந்தப் பக்கம் திரும்பி உட்காரும், இரை கொண்டுவர ஆண் பறவை தாமதித்தால் எப்படிக் கழுத்தை நீட்டும், எல்லாம் எனக்குத் தெரியும். என் கணவர் தூக்கத்தில் எந்தப் பக்கம் புரள்வார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

அதற்கு என்னைப் பிடிக்காது. குடிலை விட்டு, பாறைக்கு முன்னால் கட்டியிருக்கும் எல்லைக் கயிறு வரை நடந்தால் போதும், கத்த ஆரம்பித்துவிடும். பதினோரு வருடமாகக் கத்தியது. நான் வருத்தப்படவில்லை. யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கத்தும். காட்டுப் பறவை கத்தத்தான் வேண்டும்.

பிறகு என் தங்கை வந்தாள். பறவைக் குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் மாட்டுகிற வேலை அவளுக்கு. சரணாலய இயக்குநரிடம் அவளைப் பற்றிச் சொன்னவள் நான்தான். எங்கள் வீட்டின் பின்னறையைக் காலி செய்து கொடுத்ததும் நான்தான். அவளைச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கும், அவள் பின்னால் வாலாட்டிக்கொண்டு போகும். இரண்டு பேரும் ஒரே தட்டில்தான் அதற்குச் சாப்பாடு வைப்போம்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பாறை உச்சிக்குப் பின்பக்கமாகப் போய்க் கயிற்றில் இறங்குவாள். எப்போதும் மஞ்சள் மழைக்கோட்டு. கொளுத்துகிற வெயிலிலும் அதுதான். தலைக்கவசம் கிடையாது. முதல் வருடம் தூரத்தில் சும்மா தொங்கிவிட்டு வந்தாள். அடுத்த வருடம் கொஞ்சம் கிட்டே. ஒருநாள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரே நிறம், ஒரே பக்கம், ஒரே வேகம். மூஞ்சியை மறைக்கவே கூடாது. நம்மளால ஒரு கெடுதலும் இல்லைன்னு அதுக்குப் பதியணும்க்கா. பதிஞ்சா மறக்காது. பயமும் அப்படித்தான் பதியும், நம்பிக்கையும் அப்படித்தான்."

கவனமாகக் கேட்டேன்.

போன வருடம் தொலைநோக்கியில் பார்த்தேன். தங்கை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கயிறு குஞ்சுகள் மேல் உரசும் என்று கொக்கியைக் கழற்றிவிட்டிருந்தாள். மடியில் ஒரு குஞ்சு. கை எட்டும் தூரத்தில் தாய்ப்பறவை இருந்தது. கத்தவில்லை. இறகு கோதிக்கொண்டிருந்தது. மனசு முழுக்க நிம்மதியாக இருந்தால்தான் ராஜாளி இறகு கோதும். கண்ணாடியில் என் மூச்சு படிந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கோதிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது தங்கை கேட்டாள். "என்னைப் பாத்து ஒரு சத்தம் போடலக்கா. உன்னைப் பாத்தா மட்டும் ஏன் அப்படிக் கத்துது? முறைக்கிறியா?"

என் கணவர் முந்திக்கொண்டார். "உங்க அக்கா என்னையே முறைக்கிறா. பறவை எம்மாத்திரம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்த மாதிரி விளையாட்டாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

அன்றைக்குப் பாறை உச்சியிலிருந்து ஒருவர் எடுத்த படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்வையாளர் கூடத்தில் மாட்டினார்கள். தங்கையும் ராஜாளியும். கீழே மூலையில் என் குடிலின் கூரை கொஞ்சம் தெரியும். சுற்றுலா வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, அந்த மஞ்சள் கோட்டு அக்கா எங்கே என்று கேட்பார்கள். கையைக் காட்டி அனுப்புவேன். அதுவும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

நான் யோசித்தேன். ஆத்திரத்தில் யோசிக்கவில்லை. காட்டுப் பறவை மனிதரை நம்பக் கூடாது. நாளைக்கு வேறு யாராவது மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து குஞ்சைத் திருடினால் என்ன ஆகும்? இயக்குநரிடம் இதைச் சொன்னேன். சரியான கேள்விதான் என்றார். சொல்லிவிட்டுத் தங்கையின் படத்தை அடுத்த வருட நாட்காட்டிக்கு அனுப்பினார். ஆகவே அந்தப் பறவையைப் பழையபடி ஆக்குவது என் பொறுப்பில் வந்தது. எல்லாரையும் பார்த்துக் கத்துவது போல அவளைப் பார்த்தும் கத்த வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

புகைப்படக்காரரின் டிரோன் கைக்கு அடக்கமாக இருந்தது. ஓட்டுவது கஷ்டமில்லை. தங்கையின் மழைக்கோட்டு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும். அதன் கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்து டிரோனின் அடியில் கட்டினேன். அடைகாக்கும் காலத்தில் அவள் பாறைப் பக்கம் வரமாட்டாள். சரணாலயத்தின் மறுகோடியில் மற்றக் கூடுகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருப்பாள். வானத்தைப் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான்.

முதல் நாள் பறவை எழுந்துகூடப் போகவில்லை. மஞ்சளைப் பார்த்ததும் தலையைச் சாய்த்தது. கையில் இருந்த சின்னத் திரையில் அதன் கண் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. அவள் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் புண்படுத்தியது அதுதான்.

இன்னும் கிட்டே போனேன். விசிறிக் காற்றில் சரளை பறந்தது. ஒரு முட்டை உருண்டு விளிம்பைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் கத்தியது.

தினமும் போனேன். ஒரே நிறம், ஒரே பக்கம், ஒரே வேகம். குஞ்சு பொரித்த பிறகும் விடவில்லை. சில நாட்களில் மஞ்சள் தெரிந்ததுமே விளிம்பிலிருந்து பாய ஆரம்பித்தது. கடைசித் தடவை மேலே ஏறிச் சிறகை ஒடுக்கிக்கொண்டு விழுந்தது. டிரோனின் ஒரு கை முறிந்தது. எப்படியோ கீழே கொண்டுவந்து சேர்த்தேன். அதன் மேலிருக்கும் கீறல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகம் இல்லாத காலால் அடித்திருக்கிறது. மூன்று கோடுகள்தான் இருக்கும்.

வளையம் மாட்டுவதற்கு முந்தைய சாயங்காலம் தங்கை சமையலறைக்கு வந்தாள். முட்டைக் கணக்குக்கு ஒரு குஞ்சு குறைகிறது என்றாள். பாறைப் பக்கம் ஏதோ இரைச்சல் கேட்டதாகத் தோட்டக்காரர் சொன்னாராம்.

"எவனோ டிரோன் விடுறான்க்கா. நீ கொஞ்சம் பாரேன். நீ இருக்கிற தைரியத்துலதான் நான் அங்கிட்டு இங்கிட்டு அலையுறேன்."

பார்க்கிறேன் என்றேன். மறுநாளே கூடுதலாக இரண்டு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்வதாகவும் சொன்னேன். அப்புறம் அவள் மழைக்கோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஓரம் பூரா போயிருக்கு. எலி கடிச்சிருக்குமோ? பேசாம ஆபீஸ்ல குடுத்த சாம்பல் சட்டையைப் போட்டுட்டுப் போகவா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவள் சாம்பல் சட்டை போட்டிருந்தால் பறவை கத்தியிருக்கும், சுற்றிச் சுற்றி வந்திருக்கும், அவள் பயந்து ஏறியிருப்பாள். எல்லாருக்கும் நடப்பதுதான். எனக்கு அதுவே போதுமானது என்று இவ்வளவு நேரம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சாம்பலை அதுக்கு அடையாளம் தெரியாதே" என்றேன். "குடு, தச்சுத் தரேன்."

அவள் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தாள். நான் ஓரத்தை மடித்துத் தைத்தேன். நூலும் மஞ்சள்தான். தையல் வெளியே தெரியவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, அம்மா கை மாதிரியே இருக்கு என்றாள்.

மறுநாள் வானத்தில் டிரோன் எதுவும் இல்லை. நீங்களே விசாரித்துவிட்டீர்கள். விதி மீறல் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல வெளிச்சம். தங்கை இறங்குவதைத் தொலைநோக்கியில் பார்த்தேன். விளிம்பில் கால் வைத்தாள். கொக்கியைக் கழற்றினாள். திரும்பிப் பறவை இருந்த பக்கம் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. எப்போதும் அதனுடன் பேசுவாள். அது மேலே இருந்து வந்தது. ஒரே ஒரு தடவை. அவள் முகத்தை மூடக் கையைக் கூடத் தூக்கவில்லை, அது தன்னிடம் வருகிறது என்றுதான் நினைத்திருப்பாள்.

அடிவாரத்தில் புதர் மேல் விழுந்தாள். உடனே இறக்கவில்லை. என்னை இரண்டு தடவை கூப்பிட்டாள். அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு எல்லைக் கயிறு வரை போய் நின்றேன். குஞ்சு இருக்கிற காலத்தில் கயிற்றைத் தாண்டக் கூடாது. ஊழியர்களுக்கும் அதுதான் விதி. யாராவது ரத்தத்தை அழுத்திப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். மீட்பு ஹெலிகாப்டர் வந்து பாறையை ஒட்டியே நின்றது. அதற்கு விதியில் விலக்கு உண்டு. அந்தக் காற்றில் சரளை எல்லாம் பறந்தது. அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

புகைப்படக்காரர் அபராதம் கட்ட வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முறிந்த டிரோனையும் அடியில் கட்டியிருந்த துணியையும் எழுத்தரிடம் காட்டிச் சண்டை போட்டாராம். அவிழ்த்திருக்கலாம்தான். எனக்கு அது தோன்றவில்லை.

நான்தான் செய்தேன். பறவை மேல் பழி போட வேண்டாம். துணியை வெட்டியது, கட்டியது, பழக்கியது, ஓரத்தைத் தைத்துக் கொடுத்தது, கயிற்றருகே நின்றது எல்லாம் நான். பொறாமை என்று எழுதிக்கொண்டீர்கள். அப்படியே இருக்கட்டும். அந்தச் சொல்லை அடிப்பதற்காக நான் வாதாடப் போவதில்லை.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள். இன்று காலை அளவெடுக்க என்னை அங்கே கூட்டிப்போனீர்கள். முதல் முறையாகக் கயிற்றைத் தாண்டி அடிவாரம் வரை நடந்தேன். அண்ணாந்து பார்த்தேன். கத்தவில்லை. நான் கையை உயர்த்தினேன், அப்போதும் கத்தவில்லை. கூடு அன்றைக்கே காலியாகிவிட்டது என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். நல்ல மனிதர். பறவை பார்க்கத் தெரியாதவர்.