நாற்பது வினாடி

மின்விசிறியை என் பக்கம் திருப்ப வேண்டாம். எனக்கு வெயில் பழக்கம். மே மாதத்தில் திருச்சுழியில் தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்த்தவளுக்கு இந்த அறை குளிர்ச்சிதான். நீங்கள் எழுதுகிற தாள்தான் பறக்கிறது. அதன் மேல் எதையாவது தூக்கி வையுங்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். முருகேஸ்வரி என்ற பெண் இறந்ததைப் பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். அதில் ஒரு வரி தவறு. அந்த வரி மாற வேண்டும். அதற்காக முழுதையும் சொல்கிறேன்.

பெயர் க. தங்கச்செல்வி. வயது இருபத்து நான்கு. ஊர் அருப்புக்கோட்டை. அப்பா கருத்தப்பாண்டி லாரியில் பஞ்சு லோடு ஏற்றி இறக்குகிறவர். அம்மா ஜாக்கெட் தைப்பாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலைத் தாண்டியது நான் மட்டும்தான். படித்தது எலெக்ட்ரானிக்ஸ். வேலை பார்த்தது நவநீதகிருஷ்ணன் சார் நடத்துகிற சின்ன வயர்லெஸ் கம்பெனியில்.

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலை. பஞ்சை அடுக்கி வைக்கிற அதன் கிட்டங்கி திருச்சுழியில். நடுவில் இருக்கும் டெலிபோன் லைன் வாரத்தில் நாலு நாள் செத்துக் கிடக்கும். அதனால் கிட்டங்கியிலிருந்து ஆலைக்குக் கணக்கு விவரங்களை ரேடியோ அலையில் அனுப்ப ஓர் ஏற்பாடு செய்தோம். சார் லைசென்ஸ் வாங்கினார். மொக்கையன் அண்ணன் கம்பத்தில் ஏறி ஏரியல் கட்டினார். மற்றதெல்லாம் நான்.

சிக்கல் பெருக்கியில் இருந்தது. மெல்லிய சிக்னலை வாங்கிப் பலமாக்கி ஏரியலுக்குத் தள்ளுகிற பெட்டி அது. கொஞ்சமாகக் கொடுத்தால் ஒழுங்காகப் பெருக்கும். முழு பலத்துக்கு ஓட்டினால் உச்சியை நசுக்கிவிடும். நசுங்கியது அதோடு போகாது, பக்கத்து அலைவரிசையில் போய் இரைச்சலாக விழும். பக்கத்து அலைவரிசை அங்கே இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியுடையது. கிராமங்களுக்குப் போகிற ஜீப்பிலிருந்து நர்ஸு ஆஸ்பத்திரியைக் கூப்பிடுவது அதில்தான். ஆஸ்பத்திரி எங்கள் கம்பத்திலிருந்து அரை மைல்கூட இல்லை. ஜீப் பல மைலுக்கு அப்பால் இருக்கும். பக்கத்தில் நாங்கள் இரைந்தால் தூரத்துக் குரல் கேட்காது.

போன நவம்பரில் அந்த நர்ஸு தெரசாள் அக்கா நேராகக் கிட்டங்கிக்கே வந்துவிட்டார்.

“ஏ தாயி, ஒங்க கம்பத்த நட்டதுலருந்து எங்க செட்டுல அப்பளம் பொரியுது. நான் டாக்டரம்மாவக் கூப்பிட்டா அப்பளந்தான் பேசுது” என்றார்.

சார் அன்று ஊரில் இல்லை. நான் பதினொரு வாரம் உட்கார்ந்தேன். அதற்கு வழி ஒன்று உண்டு, இங்கிலீஷில் அடாப்டிவ் பிரீடிஸ்டார்ஷன் என்பார்கள். கஷ்டமான விஷயம் இல்லை. துவைத்தால் சுருங்குகிற துணி என்று தெரிந்தால் என் அம்மா முன்கூட்டியே பெரிதாக வெட்டுவாள். சுருங்கிய பிறகு அளவு சரியாக நிற்கும். அதுபோலப் பெருக்கி எந்தப் பக்கம் கோணலாக்குமோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சிக்னலை முன்னாலேயே கோணலாக்கிக் கொடுத்துவிட்டால், வெளியே நேராக வரும். எவ்வளவு கோணலாக்க வேண்டும் என்பதை அறுபத்து நாலு எண்கள் கொண்ட ஓர் அட்டவணை சொல்லும்.

ஆனால் பெருக்கி ஒரே மாதிரி இருக்காது. காலையில் ஒரு குணம், உச்சி வெயிலில் வேறு குணம். அதனால் என் கருவி வெளியே போவதில் துளி எடுத்து, உள்ளே கொடுத்ததோடு ஒப்பிட்டு, அந்த அறுபத்து நாலு எண்களையும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் கற்றுக்கொள்ளும். ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து முழுதாகக் கற்க நாற்பது வினாடி போதும். இந்த நாற்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பொங்கல் கழிந்த வாரம் கருவியை மாட்டினேன். அப்பளம் நின்றது. தெரசாள் அக்கா ஒரு பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். எப்படிச் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

“அப்ப கோணலாப் பேசுனாத்தான் நேரா விழுமாக்கும். எங்க வீட்டுக்காரவுகட்ட இருவது வருசமா நான் அப்படித்தான பேசுறேன்” என்று சிரித்தார்.

எங்கள் கம்பெனிக்கு வெளியே, அதைச் செய்தது நான் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கருவியின் மேல் பித்தளைத் தகட்டில் ‘நவநீதம்’ என்று பொறித்திருந்தது. ஆலைக்காரர்கள் வந்தபோது சார் என்னைக் காட்டி, நம்ம பொண்ணு, நல்லா ஈயம் பத்த வைக்கும் என்றார். மார்ச்சில் சென்னையில் நடந்த கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். கட்டுரையில் இரண்டு பெயர். ஒன்று சார். இன்னொன்று அவருடைய மருமகன். மருமகன் படித்தது பி.காம்.

கேட்டேன். கேட்காமல் இருக்கிறவள் இல்லை நான்.

“பேருல என்னம்மா இருக்கு? நாளைக்கே கல்யாணம் ஆனா ஒன் இனிசியலே மாறிரும்” என்றார் சார்.

சரி சார் என்றேன். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. கோபம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கணக்குப் போடுவதற்கு அது வசதியாக இருந்தது.

மே பதினாலாம் தேதி மதியம் ஒரு மணிக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. பக்கத்து அலைவரிசையில் எவ்வளவு கசிகிறது என்று அளந்து பார்ப்பார். சோதனைக்காகக் காலையிலிருந்தே சிக்னலை நிறுத்தாமல் ஓட விட்டிருந்தோம். கருவியின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். மேலே தள்ளினால் கற்கும். கீழே தள்ளினால் கற்பதை நிறுத்திவிட்டு, கடைசியாகக் கற்ற அட்டவணையையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு சுவிட்ச் இருப்பது சாருக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு, பெருக்கி குளிர்ந்திருந்தபோது, அதைக் கீழே தள்ளினேன். வேறு எதையும் தொடவில்லை. முன்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்குக் கரண்டு இருந்தால் போதும்.

காலை அட்டவணையை வைத்துக்கொண்டு மதிய வெயிலைச் சமாளிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் அளப்பார், கசியும். சாரைக் கேட்பார், சாருக்குப் பதில் தெரியாது. நான் போய்ச் சுவிட்சை மேலே தள்ளுவேன். என் திட்டம் அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைத்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்த ஜீப் காரியாபட்டியில் பஞ்சராகி நின்றுவிட்டது. எங்களுக்கு அது பிறகுதான் தெரியும். சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிட்டங்கி ஆபீஸில் கலர் சோடா பாட்டில்களோடு காத்திருந்தார். ரேடியோ அறையில் நானும் மொக்கையன் அண்ணனும். அறைக்குள் நாற்பத்து மூன்று டிகிரி. கசிவைக் காட்டுவதற்காகப் பக்கத்து அலைவரிசையில் ஒரு ரிசீவரை வைத்து, ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தேன். பன்னிரண்டரைக்கே நன்றாகப் பொரிய ஆரம்பித்துவிட்டது.

ஒன்று இருபதுக்கு அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல் வந்தது. முழுதாக வரவில்லை. நரிக்குடி ரோடு என்பது கேட்டது. ரேடியேட்டர் என்பது கேட்டது. ரத்தம் என்பது இரண்டு தடவை கேட்டது. நோட்டில் நேரத்தையும் கசிவின் அளவையும் குறித்தேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. கையெழுத்து கோணாமல் இருக்கும், பாருங்கள்.

மொக்கையன் அண்ணன் பீடியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்.

“தங்கச்சி, யாரோ பொம்பள கூப்புடுறாக மாதிரி இருக்கே.”

“இரைச்சல்ணே.”

“இரைச்சல் அழுவுமா?”

“வெயிலுக்கு அப்படித்தான்ணே கேக்கும்” என்றேன். நான் படித்தவள். அவர் நம்பினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

என் நாற்காலியிலிருந்து சுவிட்சுக்கு நாலு அடி. அன்று எழுந்து போய்த் தள்ளியிருந்தால் ஒன்று இருபத்தொன்றுக்கு ஆஸ்பத்திரிக்குக் குரல் தெளிவாகக் கேட்டிருக்கும். பெரிய வேன் அங்கே சும்மாதான் நின்றது. அரைமணியில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் வருகிறபோது கசிவு இருக்காது. எல்லாம் சரியாக இருக்கும். சரியாக இருக்கிற ஒன்றை யார் செய்தது என்று எவரும் கேட்பதில்லை. மறுபடியும் கீழே தள்ளலாமே என்பீர்கள். தள்ளினால் அது கடைசியாகக் கற்ற மதிய அட்டவணையைத்தான் பிடித்துக்கொள்ளும். கசியாது. காலை அட்டவணை போனது போனதுதான். இதையும் அன்றைக்கே யோசித்தேன். அவசரத்தில் செய்ததாக எழுத வேண்டாம்.

குரல் ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது. ஒன்று ஐம்பதுக்கு வந்தது. இரண்டையும் குறித்தேன்.

இரண்டு பத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அளந்தார். என்ன சார் இது, சந்தைக்கடை மாதிரி இருக்கே என்றார். சார் பச்சை விளக்கைக் காட்டினார். பிறகு தகட்டைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்ச் சுவிட்சை மேலே தள்ளினேன். அவர் அளக்கிற பெட்டியின் திரையில், எங்கள் அலைக்கு இரண்டு பக்கமும் தோள் மாதிரி வீங்கியிருந்த கசிவு மெல்ல இறங்கியது. நாற்பது வினாடி. முப்பத்தெட்டு என்றுகூடச் சொல்லலாம்.

யாரும்மா இதைச் செஞ்சது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நான் என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன். இனிஷியலோடு எழுதிக்கொண்டார்.

அவர் பேனாவை மூடுகிறபோது ஸ்பீக்கரில் தெரசாள் அக்கா பேசினார். பக்கத்தில் நின்று பேசுவது போல இருந்தது. ஒரு சொல்கூடச் சிதையவில்லை.

“வண்டி இனிமே வேணாம் டாக்டரம்மா. பிள்ளை இருக்கு. மூடுறதுக்குத் துணி மட்டும் குடுத்து விடுங்க.”

ரேடியேட்டர் போய் நடுரோட்டில் நின்ற அந்த ஜீப்பில் பிரசவமான முருகேஸ்வரிக்கு வயது இருபத்திரண்டு என்பதை உங்கள் அறிக்கையில்தான் பார்த்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறதாம். தெரசாள் அக்கா ஒரு தடவை வந்து, இயந்திரம்தான தாயி, நீ என்ன செய்வ என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அறிக்கை எழுதுகிறவர் இல்லை.

நீங்கள் எழுதுகிறவர். ஏழாம் பக்கத்தில், “கடும் வெப்பத்தால் திருத்தக் கருவி செயலிழந்ததே காரணம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் தாளை இணைத்து, கருவியை வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?

அது செயலிழக்கவில்லை. அந்த ஐம்பது நிமிடமும் அதை நான் நிறுத்தி வைத்திருந்தேன். தெரிந்துதான் வைத்திருந்தேன். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஏழாம் பக்கத்தை மட்டும் என் கண் முன்னால் அடித்துத் திருத்துங்கள். நாற்பத்து மூன்று டிகிரி என் கருவிக்கு ஒரு பொருட்டே இல்லை.