பிரிக்காத சீட்டு

— பெட்டிய மூடாதடா... கொஞ்சம் பொறு.

— மணி அடிக்கறதுக்குள்ள விடுதிய காலி பண்ணணும்ணே. காவக்காரர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டார்.

— அந்த ஆளு கெடக்கான். மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்தா...

— என்னன்னு? ‘நாட்டுக்கு ராஜா வேண்டாம்னு பேசினது நான் இல்ல, என் வாய்’னா?

— விளையாடாதே. விவாதத்துல நீயா பக்கம் எடுத்தே? குலுக்கல் சீட்டுல வந்துச்சு, பேசினே. காலேஜ் முதல்வர்கிட்ட அதைச் சொன்னியா, இல்லியா?

— சொன்னேன். பாதி நம்பிட்டார். ‘ரெண்டு சீட்டையும் கொண்டா, மந்திரிகிட்ட காட்டிச் சமாளிக்கறேன்’னார். என் சீட்டைக் குடுத்தேன். உன் சீட்டுக்கு பியூனை அனுப்பினாரே... வந்தானா?

— வந்தான்... தொலைஞ்சுபோச்சுன்னேன். துண்டுக் காகிதத்தையெல்லாம் யாருடா எடுத்து வெப்பாங்க?

— அதானே. யார் வெப்பா.

— மந்திரி முன்வரிசையில வந்து உக்காருவார்னு யார் கண்டா?

— அழைப்பிதழ் அடிச்சதே நீதானேண்ணே. விவாதச் சங்கச் செயலாளர்.

— நீ வேற அப்படி வெளுத்து வாங்கணுமா? ஏனோதானோன்னு பேசியிருக்கக் கூடாதா?

— எதிரணியில உக்காந்துகிட்டு நீயே கை தட்டினே.

— என்னை அறியாமத் தட்டிட்டேன்டா.

— சரி விடு. உனக்கு அரண்மனைக் காரியாலயத்துல வேலை உத்தரவு வந்தாச்சு. அம்மாவுக்கு அது போதும். அந்த வேட்டிய இப்படிப் போடு.

— போகாதடா... அந்தச் சீட்டு...

— வேண்டாம்ணே.

— சொல்லியே ஆகணும். ரெண்டு சீட்டுலயும் ‘ராஜா வேண்டாம்’னுதான் எழுதினேன். உன்னை முதல்ல எடுக்கச் சொல்லிட்டு, என்னுதைப் பிரிக்காமலே கசக்கிப் போட்டேன். நான் அப்படிப் பேசினா வேலை போயிடும்னு பயம்டா. உன்னைத் திட்டுவாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன்... படிப்பையே நிறுத்துவாங்கன்னு சத்தியமாத் தெரியாது.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— இந்தா. மேடையில உன் நாற்காலிக்கு அடியில கெடந்துச்சு. இறங்கும்போதே எடுத்துட்டேன்.

— அட பாவி... இதைக் காட்டியிருந்தா நீ தப்பிச்சிருப்பியேடா! ஏன்டா காட்டல?

— நீயே வந்து சொல்லிடுவேன்னு நெனச்சேண்ணே. ஒரு மணி நேரம்... முதல்வர் ரூம் வாசலையே பாத்துகிட்டு நின்னேன்.